பத்தொன்பது வரை எண்ணியவர்

அத்தியாயம் 11

அப்பா பொய் சொல்கிறாரா, சர்வர் பொய் சொல்கிறதா?

சென்ற வாரம் மரிக்காவை இந்தக் கேள்வியோடுதான் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பிப்ரவரிக் குளிரில், பாவம். இன்று வியாழக்கிழமை, காலை எட்டரை. பேருந்து வந்தது. அவள் ஏறினாள். கேள்வியும் கூடவே ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது.

மூன்று வாரத்துக்கு முன், தினமும் பன்னிரண்டுக்கு ரேடியோவில் ஒலிக்கும் மதிய மணியோசை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய அப்பா தைஸ்தோ சமையலறையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த அவசரப் பட்டையின் பொத்தானை அழுத்தினார். அழுத்தினால் பட்டையில் பச்சை விளக்கு எரிய வேண்டும். 'கேட்டுவிட்டது, ஆள் வருகிறது, அசையாமல் இரு' என்று அதற்கு அர்த்தம்.

விளக்கு வரப் பத்தொன்பது விநாடி ஆனது என்கிறார் அவர். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறது அழைப்பை வாங்கும் சர்வர் கணினியின் பதிவு.

அந்தப் பட்டைகளின் அழைப்பை வாங்கி நர்ஸுகளுக்கு அனுப்பும் மென்பொருள் வேறு யாருடையதாகவோ இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அது மரிக்காவும் அவள் தம்பி லாசேயும் நடத்தும் கம்பெனியுடையது. தாம்பரே நகர வட்டாரத்தில் ஏழாயிரம் முதியவர்கள் அந்தப் பட்டையைக் கட்டியிருக்கிறார்கள்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு வட்டார அலுவலகத்தில் மரிக்கா ஓர் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். 'எங்கள் அமைப்பு எந்த நேரத்திலும் அரை விநாடிக்குள் பதில் சொல்கிறது.' கையெழுத்து விழுந்தால் ஒப்பந்தம் இன்னும் நான்கு வருடம். விழாவிட்டால் கம்பெனியைப் பூட்டிச் சாவியை ஆற்றில் போட வேண்டியதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லாசே போன் செய்து, அப்பாவுக்கு மறதிப் பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பதிவு சரியென்றால் அப்பாவின் தலை சரியில்லை. அப்பா சரியென்றால் கையெழுத்து பொய். நடுவில் நிற்க இடமே இல்லை.

*

பிஸ்பலா மேட்டில் அப்பாவின் வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி. படிகளில் பனி சுத்தமாக அள்ளப்பட்டிருந்தது. இடது கையில் மாவுக்கட்டுடன் எண்பது வயது மனிதர் இதை அள்ளியிருக்க முடியாது.

"யாருப்பா பனி அள்ளினது?"

"லாசே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தான்." அப்பா ஒற்றைக் கையால் காபி ஊற்றினார். ஏலக்காய் பன்னை அவள் பக்கம் தள்ளினார். "அதுக்கப்புறம் பனியே விழல. அதான் அப்படியே இருக்கு."

பனி அள்ளுவதென்றால் லாசேக்கு முதுகுவலி வந்துவிடும் என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். மரிக்கா அதை மனத்தில் குறித்துக்கொண்டாள்.

"அப்பா, அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எத்தனை தடவைம்மா சொல்றது?"

"பதினஞ்சு எண்ணினப்போ எழுந்திருக்கப் பார்த்தீங்க. அப்படித்தானே?"

"விளக்கு வரலன்னா யாருக்கும் கேக்கலன்னுதானே நினைப்போம்? பதினஞ்சுல எழுந்தேன். பதினாறுல மறுபடி விழுந்தேன். அப்பதான் கை போச்சு. பத்தொன்பதுல..." அவர் நிறுத்தினார். ஜன்னல் வழியாக உறைந்த ஏரியைப் பார்த்தார். "பத்தொன்பதோ, ஒண்ணோ. எனக்கு எண்பது வயசு. விட்டுடு. கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு."

மரிக்கா கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தாள்.

முப்பத்தோரு வருடம் பனிச்சறுக்குச் சங்கத்தில் நேரம் குறித்தவர் இவர். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்காக ஒரு நகரத் தலைவரின் மகனுக்குப் பதக்கம் இல்லை என்று சொன்னவர். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஏழு நிமிடம் தாமதம் என்பதை விருந்துப் பேச்சில் குறிப்பிட்டவர். போன வாரம் வரை மேசையைத் தட்டிப் பத்தொன்பது என்றவர், இன்று 'பத்தொன்பதோ, ஒண்ணோ' என்கிறார். மறதி வந்தவர்கள் இப்படியா விட்டுக்கொடுப்பார்கள்? அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள்.

அவள் கைப்பேசியில் விநாடிக் கடிகாரத்தை எடுத்து, மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"சரி, விடுங்க. எனக்காக ஒண்ணு செய்யுங்க. கண்ணை மூடிக்கிட்டு, அன்னிக்கு எண்ணின மாதிரியே பத்தொன்பது வரைக்கும் எண்ணுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. "பத்தொன்பது" என்று வாய்விட்டுச் சொன்னபோது மரிக்கா விரலை எடுத்தாள்.

பத்தொன்பது புள்ளி ஒன்று.

"மேசைக்குக் கீழ என்ன வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லப்பா."

"பெத்த அப்பனை அளந்து பார்க்கிற." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "உன் மிஷினை இதே மாதிரி வெளியில நின்னு அளந்தியா? இல்ல, அது சொன்னதை அது சொன்னபடியே எழுதிக்கிட்டியா?"

சொன்ன மறுகணம் அவர் முகம் மாறியது. சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டவரைப் போல எழுந்து, குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

*

அலுவலகம் பழைய நூற்பாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மரிக்கா உள்ளே நுழையும்போதே தம்பி மேல் சந்தேகத்தோடுதான் நுழைந்தாள்.

காரணம் இருந்தது. இலையுதிர் காலம் வரை அவர்களுடைய அமைப்பு ஒரு அழைப்புக்கு முக்கால் விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. லாசே மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டி விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தான். அன்று கேக் வெட்டினார்கள். இன்று அந்தக் கேக்கே அவளுக்கு உறுத்தியது. இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? எதையாவது செய்யாமல் விட்டுவிட்டானா?

பத்தேகால் வரை அவன் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் எதிரியின் கடிதத்தைப் படிப்பதுபோல் படித்தாள். முன்பெல்லாம் ஒவ்வொரு அழைப்புக்கும் அந்த முதியவரின் முகவரி, நோய், சாவி எங்கே என்பதையெல்லாம் சர்வர் அலமாரிக்கு ஓடிப்போய் எடுத்துவரும். லாசே அதையெல்லாம் சர்வரின் கைக்கெட்டும் மேசையில் வைத்திருந்தான். முகவரி மாறினால் மேசையிலும் மாறுகிறது. சோதித்தாள், மாறியது. ஒரு இடத்தில்கூடக் குறுக்கு வழி இல்லை. நல்ல வேலை, சொந்தத் தம்பி என்பதால் சொல்லவில்லை.

"என்னக்கா, என் பழைய பாவத்தையெல்லாம் தோண்டுற?" லாசே பின்னால் நின்றிருந்தான்.

"ஏமாத்தியிருக்கியான்னு பார்த்தேன்."

"இருக்கேனா?"

"இல்ல."

"ஏமாந்துட்டியா?"

"லாசே, அப்பாவை இன்னிக்கு எண்ணச் சொன்னேன். தப்பே இல்லாம எண்ணுறாரு. மறதிக்காரர் எண்ணுற எண்ணிக்கை இல்ல அது."

அவன் தலையைச் சொறிந்தான். "இருக்கலாம். விழுந்து கிடக்கிறவனுக்கு ஒரு செகண்ட் ஒரு யுகம். அளவுகோல் என்னோடது இல்லக்கா. நான் வெறும் ஓடுறவன்."

'அளவுகோல் என்னோடது இல்ல' என்றதை அவள் அப்போது காதில் வாங்கவில்லை.

அப்பா சொன்னபடி வெளியில் நின்று அளப்பது என்று முடிவுசெய்தாள். அலமாரியிலிருந்து ஒரு சோதனைப் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஒரு கையில் கைப்பேசிக் கடிகாரம். பதினோரு மணிக்குப் பத்து முறை அழுத்தினாள். பத்து முறையும் பச்சை உடனே எரிந்தது. அரை விநாடி ஒருமுறைகூடத் தாண்டவில்லை.

"போதுமா?" என்றான் லாசே.

"போதும்போல."

"அப்ப நான் சாப்பிடப் போறேன். இன்னிக்கு வியாழக்கிழமை. பன்னிரண்டுக்கு மேல போனா பட்டாணி சூப்ல அடி மண்டிதான் கிடைக்கும். வரியா?"

"பசிக்கல."

அவன் போனான். ஊரெங்கும் வியாழக்கிழமை ஒரே நேரத்தில் ஒரே சூப்புக்கு வரிசையில் நிற்கும் ஜனத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு அடித்ததும் அத்தனை பேரும் தட்டோடு நிற்பார்கள். சூப் ஊற்றுகிறவளைக் கேட்டால், ஒரு தட்டுக்கு மூன்று விநாடிதான் ஆகிறது என்பாள். அதில் பொய்யும் இருக்காது.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்பா விழுந்தது மதிய மணியோசையின்போது.

*

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அவள் கைப்பேசியில் ரேடியோவைப் போட்டாள். லாசேயின் மேசையிலிருந்த விநாடிக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். அரை விநாடியில் பச்சை எரிந்துவிட வேண்டும் என்றும் எரிந்துவிடக் கூடாது என்றும் ஒரே மனம் வேண்டிக்கொண்டது. எரிந்தால் கம்பெனி பிழைக்கும். எரியாவிட்டால் அப்பா பிழைப்பார்.

முதல் மணியோசை கேட்டது. அழுத்தினாள்.

பட்டை இருட்டாகவே இருந்தது. ஐந்து. எட்டு. பத்து. பத்து விநாடி என்பது அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கே நீண்டுகொண்டே போனது. தரையில் கிடப்பவருக்கு எப்படி இருந்திருக்கும்? பதினைந்தில் அவளையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். அப்பா எழுந்ததும் இதே பதினைந்தில்தான்.

பதினெட்டு புள்ளி ஏழில் பச்சை எரிந்தது.

உடனே பதிவைத் திறந்தாள். அந்த அழைப்பின் எதிரே இருந்த எண்: ஐந்தில் ஒரு பங்கு விநாடி.

அதற்குப் பிறகு தேட அதிக நேரம் ஆகவில்லை. ஏழாயிரம் பட்டைகளும் தினமும் ஒருமுறை 'நான் வேலை செய்கிறேன்' என்று தகவல் அனுப்ப வேண்டும். எப்போது என்றால் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு. பொறியாளர்களுக்கு முழு எண் மேல் அப்படியொரு ஆசை. ஏழாயிரமும் ஒரே நொடியில் வந்து வரிசையில் நிற்கும். நொடிக்கு முந்நூற்றுச் சொச்சம் என்று சர்வர் ஒவ்வொன்றாக எடுக்கும். உயிருக்குப் போராடுகிறவரின் அழைப்பும் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும். லாசே என்ன வேகப்படுத்தினாலும் அந்த வரிசை வரிசைதான்.

சரி, அது பதிவில் ஏன் விழவில்லை? ஏனென்றால் கடிகாரத்தைத் தொடங்கும் நிரல் வரி, அழைப்பு வாசலுக்கு வரும்போது ஓடவில்லை. சர்வர் அதைக் கையில் எடுக்கும்போதுதான் ஓடியது. வரிசையில் நின்ற நேரம் யார் கணக்கிலும் இல்லை. அவர்கள் பெருமையாகக் காட்டும் சோதனைகள் எல்லாமே இந்த ஒரே வரியின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

இப்படி ஒரு வரியை எந்த மடையன் எழுதினான்? வரிக்கு வரி எழுதியவர் பெயரைக் காட்டும் குறிப்பைத் திறந்தாள். லாசேயின் பெயர் வரும் என்று மனம் முன்கூட்டியே திட்டத் தயாராக இருந்தது.

மரிக்கா ராயலா. பதினொரு வருடத்துக்கு முன், மார்ச் மாதம்.

அப்போது மொத்தம் நாற்பது பட்டைகள்தான். வரிசை என்ற ஒன்றே இல்லை. வாசலில் தொடங்கினால் என்ன, கையில் எடுக்கும்போது தொடங்கினால் என்ன என்று நினைத்திருப்பாள். நினைத்தது நினைவில்கூட இல்லை. காலையிலிருந்து அப்பாவைச் சந்தேகப்பட்டாள், தம்பியைச் சந்தேகப்பட்டாள். கண்ணாடியை மட்டும் பார்க்கவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, நீங்க எண்ணினது சரி. இப்பத்தான் நானே அளந்தேன். பதினெட்டு புள்ளி ஏழு."

'சொன்னேனில்ல' என்று அவர் மேசையைத் தட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

"அதை எதுக்கும்மா இன்னிக்குக் கண்டுபிடிச்ச?" என்றார் அவர். "ரெண்டு மணிக்குக் கையெழுத்தான அப்புறம் கண்டுபிடிக்கக் கூடாதா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. தன் கணக்கு சரி என்று கேட்டும் சந்தோஷப்படாத நேரக் குறிப்பாளரை அவள் பார்த்ததில்லை.

*

அந்தப் பதிலை மென்று விழுங்க முடியாமலே அவள் வரியைத் திருத்தினாள். கடிகாரத்தை வாசலுக்கு நகர்த்தினாள். திருத்தத்தைச் சேமிக்கப் போனபோது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இதே வரியில் ஏற்கெனவே ஒரு மாற்றம் இருக்கிறது, இன்னும் சேர்க்கப்படவில்லை.

திறந்தாள். அவள் செய்த அதே திருத்தம், ஒரு எழுத்துக்கூட மாறாமல். செய்தவர் லாசே. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது.

கீழே ஒரு சோதனையின் முடிவு. அப்பா விழுந்த நாளின் அழைப்புகளை அவன் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறான். அப்பாவின் பட்டை எண்ணுக்கு எதிரே: 18.9.

ஆக, ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செவ்வாய்க்கிழமை போன் எடுத்து, பெற்ற அப்பாவுக்கு மறதிப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறான்.

ஒன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது லாசே வந்தான். கையில் கார் சாவி, இன்னொரு கையில் மூடி போட்ட டப்பா. கடுகும் பட்டாணியும் மணத்தன.

"உனக்கும் வாங்கிட்டு வந்தேன். மேல அப்பம் வச்சிருக்கேன், கவுத்துடாத. ஒன்றரைக்குக் கிளம்பணும்."

"லாசே, ஞாயித்துக்கிழமை நீ எத்தனை வரைக்கும் எண்ணின?"

அவன் டப்பாவை மெதுவாக மேசையில் வைத்தான். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்கவில்லை.

"அதை அழிச்சிருக்கணும்," என்றான்.

"திங்கட்கிழமை ஒன்பது மணியை ரத்து பண்ணிடாத. ஞாயித்துக்கிழமை பார்த்ததை செவ்வாய்க்கிழமை மறந்தவன் நீதான். அந்த நாற்காலியில நீ போய் உக்காரு."

"மறக்கலக்கா."

"அப்ப விலைக்கு வித்துட்டியா? பெத்த அப்பன் தலையை?"

லாசேயின் முகம் சிவந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கண்டுபிடிச்ச உடனே அவர்கிட்டதான் ஓடினேன். மன்னிப்புக் கேக்க. நீங்க சொன்னதுதான் சரின்னு சொன்னேன். சந்தோஷப்படுவாருன்னு பார்த்தா, ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. 'அந்த வரியை எழுதினது யாரு?'"

மரிக்கா டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"சொன்னேன். கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், 'அப்படின்னா எனக்கு மறதின்னே எழுதிக்கோ'ன்னாரு. 'அவ கையெழுத்துப் போடட்டும். சத்தமில்லாம அப்புறமா சரி பண்ணிக்கலாம்'னு. டெஸ்டுக்கு நேரம் வாங்கச் சொன்னதே அவர்தான். நான் மாட்டேன்னேன். வெளியில போய்ப் படியெல்லாம் பனி அள்ளினேன். கோபம் அடங்கல. திரும்பி வந்தா, டாக்டர் நம்பரைத் தாள்ல எழுதி வச்சிருக்காரு."

ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் இரைச்சல் கேட்டது. காலையில் ஏற்கெனவே கழுவிய கோப்பையைக் கழுவிய அந்த ஒற்றைக் கை மரிக்காவின் கண்ணில் வந்து நின்றது. முப்பத்தோரு வருடம் யாருக்காகவும் பத்தில் ஒரு பங்குகூட விட்டுக்கொடுக்காத மனிதர், அவளுக்காகப் பத்தொன்பது விநாடியையும் தன் புத்தியையும் சேர்த்து விட்டுக்கொடுத்திருக்கிறார். அவள் அவரை மேசைக்குக் கீழே கைப்பேசியை வைத்து அளந்தாள்.

"நீ எப்படிடா ஒத்துக்கிட்டே?"

"அவரே கேட்டப்போ மறுக்க முடியலக்கா. ஆனா நாளைக்கும் பன்னிரண்டு மணி வரும்னு எனக்குத் தெரியாதா? தினமும் மத்தியானம் எவனாவது விழுந்துட்டானான்னு பதிவைப் பார்த்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். இன்னிக்கு மட்டும்தான் சூப்புக்குப் போனேன். நீ கண்டுபிடிச்சுடணும்னு வேண்டிக்கிட்டே போனேன்."

அதை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பியை இதற்கு முன் எடைபோட்டதே இல்லை. இனிமேல் எடைபோடாமல் இருக்கவும் முடியாது.

மேசையில் அறிக்கை அச்சாகித் தயாராக இருந்தது. மூன்று பக்கம், எண்கள் எல்லாம் அழகாக. அவள் பேனாவை எடுத்தாள். 'அதிகபட்ச நேரம்' என்ற இடத்திலிருந்த எண்ணைக் குறுக்கே அடித்து, அதற்கு மேல் பத்தொன்பது விநாடி என்று எழுத்தால் எழுதினாள்.

"அக்கா, அதை அங்க கொண்டுபோய்க் கொடுத்தா, ரெண்டே கால் மணிக்கு நமக்குக் கம்பெனி இருக்காது."

"இருக்காமப் போகலாம்."

கீழே இன்னொரு கட்டம் இருந்தது. 'அளந்தவர்.' அதில் அச்சாகியிருந்த தன் பெயரையும் அடித்தாள். தைஸ்தோ ராயலா, சங்க நேரக் குறிப்பாளர் என்று எழுதி, கார் சாவியைத் தம்பியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.